கல் கோட்டையும் நெல் கோட்டையும்

“இந்தத் தொகுதி எங்கள் கோட்டை!”

தேர்தல் வந்துவிட்டால் மேடைக்கு மேடை இந்தப் பேச்சுத்தான். கோட்டை என்றால் என்ன பொருள்? ஒருவர் பிடித்து வைத்துக்கொண்டு, மற்றவரை உள்ளே விடாத இடம் என்பது மட்டும்தானா?

திருவட்டாறு பக்கத்து முதிய விவசாயிகளைக் கேட்டால் வேறு விளக்கம் கிடைக்கும். அவர்களுக்குக் கோட்டை இரண்டு. ஒன்று கல் கோட்டை. மற்றொன்று நெல் கோட்டை.

வைக்கோல் மதில்

இன்று திருவட்டாற்றைச் சுற்றி ரப்பர் மரங்கள் மிகுந்துவிட்டன. நெல் மிகுதியாக விளைந்த காலத்தில், நாஞ்சில் நாட்டில் கோட்டைக் கணக்கில்தான் நெல்லை அளந்தார்கள். 21 மரக்கால் சேர்ந்தது ஒரு கோட்டை.

விதை நெல்லையும் கோட்டை கட்டி வைப்பார்கள். நெல்லை நன்றாகக் காய வைப்பார்கள். வைக்கோலில் பொதிந்து, வைக்கோல் புரியால் இறுகச் சுற்றுவார்கள். மேலே சாணம் மெழுகுவார்கள். அதுதான் விதைக் கோட்டை. ஈரமும் பூச்சியும் எளிதில் அண்டாது. கன்னிப்பூவோ கும்பப்பூவோ, விதைக்கும் நாள் வரும்வரை விதை பத்திரமாக இருக்கும்.

நிலவைச் சுற்றி ஒளி வட்டம் தெரிந்தால், நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்பதும் உண்டு.

கல்லானாலும் வைக்கோலானாலும் கருத்து ஒன்றுதான். சுற்றி நிற்க வேண்டும். உள்ளே இருப்பதைக் காக்க வேண்டும். அதுவே கோட்டை!

அடிக்க வந்தவர் காத்தார்

தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது உதயகிரிக் கோட்டை. பரப்பு சுமார் 90 ஏக்கர். 1741-ம் ஆண்டு குளச்சலில் டச்சுக்காரர்களுக்கும் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்கும் போர் நடந்தது. டச்சுப் படை தோற்றது. அதன் தளபதி டிலனாய் சிறைப்பட்டார்.

பிறகு அவரே திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி அளித்தார். அவர் மேற்பார்வையில் உதயகிரிக் கோட்டை திருத்திக் கட்டப்பட்டது. 1777-ல் இறந்த அவருடைய கல்லறை அந்தக் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. அதில் லத்தீன் எழுத்தும் உண்டு, தமிழ் எழுத்தும் உண்டு. நாட்டைப் பிடிக்க வந்தவர், நாட்டைக் காப்பவராக மாறினார். கோட்டைக்குள் அவருக்கு இடம் கிடைத்தது அதனால்தான்.

வள்ளுவர் திருக்குறளில் ‘அரண்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். கல் மதிலை மட்டும் அவர் அரண் என்று சொல்லவில்லை. தெளிந்த நீர், வெட்ட வெளி, மலை, நிழல் தரும் காடு ஆகியவையும் அரண் என்றார். திருவட்டாற்றுக்கு ஆறும் ஓர் அரண். அதைக் கெடுப்பதும் கோட்டைச் சுவரை இடிப்பதும் ஒன்றே.

சொல்லுக்கு ஏற்ற செயல்

ஆகவே, ஓர் ஊரைத் ‘எங்கள் கோட்டை’ என்று சொல்லுகிறவர் யோசித்துச் சொல்ல வேண்டும். அந்த ஊரின் ஆற்றைக் காத்தாரா? வயலைக் காத்தாரா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் துணை நின்றாரா? செய்திருந்தால் தாராளமாகச் சொல்லட்டும். இல்லையென்றால் அது கோட்டை அல்ல, வெறும் வேலி.

உதயகிரியைப் பார்க்கப் போகும் பெற்றோர், பிள்ளைகளுக்குக் கல் மதிலைக் காட்டுவதோடு நின்றுவிடக் கூடாது. வைக்கோலில் கட்டிய விதைக் கோட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல் நம்மிடம் இருக்கிறது. அதன் பொருளைக் கோட்டை விட்டுவிடக் கூடாது!