முதியோர் இல்லமும் அரச கொடுப்பனவும்

இங்கிலாந்தில் வாழும் எம்மவர்கள் பெற்றோரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கத் தயங்குவதற்கு ஊரார் பேச்சு மட்டும் காரணமல்ல. "பென்சன் நின்றுவிடும்" என்ற அச்சமும் உண்டு. அரச ஓய்வூதியம் நிற்பதில்லை. ஆனால் இல்லச் செலவைக் கவுன்சில் ஏற்கும்போது, அதன் பெரும்பகுதி கட்டணத்துக்கே போய்விடும். அட்டெண்டன்ஸ் அலவன்ஸோ 28 நாட்களின் பின் நின்றுவிடும்; முழுக் கட்டணத்தையும் தாமே செலுத்துவோருக்கு மட்டும் தொடரும். வேலையை விட்டுத் தாயைப் பராமரித்த மகளுக்கு வந்த கெயாரர்ஸ் அலவன்ஸும் அத்துடன் போய்விடும். இதை அவளுக்கு முன்கூட்டியே சொல்பவர்கள் குறைவு. வீட்டைப் பற்றிய பயமும் பல வேளைகளில் வீண்: கணவரோ மனைவியோ தொடர்ந்து அங்கு வாழ்ந்தால், அதன் பெறுமதி கணக்கில் எடுக்கப்படாது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். இல்லத்தில் இருப்பவரின் கைச்செலவுக்கென வாரந்தோறும் ஒரு தொகையைக் கவுன்சில் விட்டுவைக்க வேண்டும். 2025-26 நிதியாண்டில் அது 30.65 பவுண். பூசைக் காணிக்கைக்கோ, மன்னாரிலுள்ள தங்கையோடு பேசுவதற்கோ அம்மா அதைப் பிள்ளைகளிடம் கெஞ்சிப் பெறவேண்டியதில்லை. நற்கருணை கொண்டுசெல்லும் பணியாளர்கள், அந்தப் பணம் அவர் கைக்கு வருகிறதா என்று மெல்லக் கேட்டுப் பார்க்கலாம்.