நுளம்பைத் தேடி உப்புக் கிணற்றுக்குப் போன பிள்ளைகள்

மழை பெய்து ஓய்ந்த கையோடு கொழும்பு பாமன்கடையில் எங்கள் ஒழுங்கைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்துவிடுவார். பூச்சாடியின் அடித்தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, கூரைப் பீலி, தண்ணீர்த் தாங்கி, பாதியில் நிற்கும் தொடர்மாடியின் நிலக்கீழ்த் தளம் என்று ஒன்றும் விடாமல் பார்ப்பார். நுளம்புக் குடம்பி கண்டால் வழக்குத் தொடர 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இது தேவையான வேலை. 2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டு 400 பேருக்கு மேல் இறந்ததை எப்படி மறப்பது? அந்த ஆண்டு எங்கள் பகுதியில் காய்ச்சல் எட்டிப் பார்க்காத தொடர்மாடி இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆனால் பரிசோதகரின் அந்தப் பட்டியல் ஒரு கருத்தின் மேல் நிற்கிறது. டெங்கு நுளம்பு நன்னீரில்தான் பெருகும் என்பதே அது. பாடநூல்கள் நெடுங்காலமாக அப்படித்தான் சொல்லிவந்தன. அது முழு உண்மையல்ல என்று காட்டிய ஆய்வுகளில் முக்கியமான ஒன்றுக்குக் களமாக இருந்தது எந்தப் பெருநகரமும் அல்ல. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கடற்கரைக் குப்பையையும் பாழ்கிணற்றையும் கிளறிப் பார்த்தவர்கள் கண்ட உண்மை அது.

உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். பெரிய ஆஸ்பத்திரிக்கும் பெரிய ஆய்வு நிறுவனத்துக்கும் காட்டும் மரியாதையில் ஒரு பங்கையாவது ஊர்க்கோடியில் இருக்கும் சிறிய விஞ்ஞானத் துறைகளுக்கும் நாம் காட்டவேண்டும். மரியாதை என்றால் வாய்ச்சொல் அல்ல. பணமும் ஆளும் நேரமும்.

யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் 1974இல் தொடங்கியது, சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளாகத்தில். கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் வந்தாறுமூலையில் ஒரு பாடசாலை வளாகத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகப் பிறந்து, 1986இல் பல்கலைக்கழகமானது. இரண்டும் பள்ளிக்கூடக் கட்டடத்தில் குடிபுகுந்தவை. இரண்டும் போரைக் கண்டவை. மின்சாரம் இல்லாத ஆண்டுகளையும் பிள்ளைகள் இடம்பெயர்ந்த மாதங்களையும் தாண்டி வந்தவை. அப்படிப்பட்ட இடத்திலிருந்து உலகம் கவனிக்கும் ஆய்வு வரும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

2011இல் அது வந்தது. புரூணை பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய ரஞ்சன் ராமசாமி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையின் சின்னத்தம்பி நோபிள் சுரேந்திரன், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் முத்துலட்சுமி வினோபாபா ஆகியோரும் இளம் ஆய்வாளர்களும் சேர்ந்து, வெப்பமண்டல நோய்களுக்கான ஒரு சர்வதேச ஆய்விதழில் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். கரையோரத்தில் வீசப்பட்ட பிளாஸ்டிக், கண்ணாடிப் பாத்திரங்கள், கைவிடப்பட்ட மீன்பிடி வள்ளங்கள், பாவிக்காத கிணறுகள் ஆகியவற்றில் தேங்கிய உவர்நீரில் டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் இனங்கள் இரண்டினதும் குடம்பிகள் வளர்ந்துகொண்டிருந்தன. சில இடங்களில் உப்பின் அளவு ஆயிரத்துக்கு 15 பங்குவரை இருந்தது. கடல்நீரில் அது ஏறத்தாழ 35; நன்னீர் என்று சொல்லவேண்டுமானால் 0.5க்குக் கீழே இருக்கவேண்டும். ஆக, கடல்நீரின் ஏறக்குறையப் பாதி உப்பு கரிக்கும் தண்ணீரிலும் டெங்கு நுளம்பு பிள்ளை வளர்க்கிறது. யாழ்ப்பாண நகரில் அப்படிப்பட்ட பாழ்கிணறுகளின் அயலில் டெங்கு நோயாளரும் கூடுதலாக இருந்ததை அவர்கள் குறிப்பிட்டார்கள்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி யாழ்ப்பாணத்தில் விலங்கியல் சிறப்புப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நல்லூர்த் திருவிழாவுக்குப் போயிருந்த சமயம் அவள் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வரச் சொன்னாள். கரையோரக் குடியிருப்பு ஒன்றில் ஆளில்லாத வளவு. கட்டு உடைந்த கிணறு. நீண்ட கயிற்றில் கட்டிய அகப்பையைச் சரித்து இறக்கி, மேல்மட்டத் தண்ணீரை மெல்ல வாரி, வெள்ளைத் தட்டில் ஊற்றினாள். வெறும் தண்ணீர் போலத்தான் இருந்தது. ஒரு நிமிடம் பொறுத்ததும் மயிரிழை போன்ற உருவங்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்து, வால்புறக் குழலை நீர்ப்பரப்பில் ஒட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கின. பிறகு பேனை அளவில் ஒரு சிறிய கருவியை எடுத்தாள். அதன் கண்ணாடியில் இரண்டு துளி தண்ணீர் விட்டு, மூடியைச் சாத்தி, வெயிலை நோக்கிப் பிடித்து, “ரீச்சர், இதுக்குள்ள பாருங்கோ” என்று என் கையில் தந்தாள். மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சந்திக்கும் கோடு ஐந்தை ஒட்டி நின்றது. நன்னீராக இருந்தால் அந்தக் கோடு சைபரில் நிற்கவேண்டும்.

அன்று மாலை துறையில் நுணுக்குக்காட்டியின் கீழ் அதே குடம்பியைக் காட்டினாள். வயிற்றின் எட்டாம் துண்டத்தில் சீப்புப் பல் போல ஒரு வரிசை. ஒவ்வொரு பல்லுக்கும் பக்கத்தில் கிளைமுள் இருந்தால் ஈடிஸ் ஈஜிப்டை. ஒற்றை முள்ளாக இருந்தால் ஈடிஸ் அல்போபிக்டஸ். வால்முனையில் நான்கு சிறு மடல்கள். நன்னீரில் வாழும் குடம்பி தனக்குத் தேவையான உப்பை அவற்றால்தான் உறிஞ்சிக்கொள்கிறது. உப்புநீரில் வளர்ந்ததற்கு அவை சிறுத்துவிடும். இவ்வளவையும் ஒரு குடம்பியில் பார்த்து எழுதிய பிறகுதான் அடுத்த குடம்பி. இப்படி ஒரு பாத்திரம், இன்னொரு கிணறு, இன்னொரு கரை என்று மாரியும் கோடையும் சேர்த்தெடுத்த குறிப்புகளிலிருந்துதான் இப்படிப்பட்ட ஆய்வுகள் பிறக்கின்றன.

அந்தப் பிள்ளைக்கு உயர்தரப் பெறுபேறு வந்த நாளில் நான் அவள் வீட்டிலிருந்தேன். இசட் புள்ளி மருத்துவ பீடத்துக்குச் சற்றுக் குறைந்திருந்தது. வீடு செத்தவீடு போலக் கிடந்தது. “மெடிசின் கிடைக்கேல்லை, இனி பயோ சயன்ஸ்தானே” என்று வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். வெள்ளவத்தையில் ரியூசன் வகுப்புகள் நடக்கும் எந்த ஒழுங்கையிலும் இந்த வசனத்தைக் கேட்கலாம். பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. டொக்டருக்கு வேலை நிச்சயம், சம்பளம் நிச்சயம். விலங்கியல் படித்தவருக்கு அந்த நிச்சயம் இல்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வார்டில் நோயாளியின் குருதிச் சிறுதட்டுக்களை எண்ணுகிறார் வைத்தியர். அந்த நோயாளி வார்டுக்கு வராமலே இருக்க வழி தேடுகிறார் கிணற்றடியில் நிற்பவர். ஒருவருக்கு மாலை போட்டு மற்றவருக்கு ஆறுதல் சொல்வது நியாயமா?

நுளம்போடு இந்தக் கதை முடிவதில்லை. மெலியோய்டோசிஸ் என்றொரு நோய். ஈரமண்ணிலும் வயல்நீரிலும் வாழும் ஒரு பக்டீரியாவால் வருவது. நீரிழிவு உள்ளவர்களைக் கூடுதலாகத் தாக்கும். நுரையீரலில் வந்தால் காசநோய் போலத் தோன்றும். குருதியில் பரவினால் சில நாட்களில் ஆளைக் கொன்றுவிடும். வழக்கமாகக் கொடுக்கும் பல மருந்துகளுக்கு மசியாது. இலங்கையில் முதல் நோயாளி 1927இலேயே பதிவானார். பிறகு பல பத்தாண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பேச்சு. நோய் இல்லாமல் இருக்கவில்லை, தேட ஆளில்லை. ஆய்வுகூடத் தட்டில் அது வளர்ந்தாலும், வேறு கிருமி என்றோ மாசு என்றோ ஒதுக்கிவிடுவது எளிது. இந்த நூற்றாண்டில் கொழும்பு மருத்துவ பீடத்து நுண்ணுயிரியலாளர்கள் முன்னின்று மாவட்ட ஆஸ்பத்திரி ஆய்வுகூடங்களுக்கு அதை இனங்காணப் பழக்கினார்கள். அதன் பிறகு மட்டக்களப்பு உட்படப் பல மாவட்டங்களிலிருந்து நோயாளர் தெரியவந்தனர். தலைநகரின் அறிவும் மாவட்டத்தின் கண்ணும் ஒன்றுசேர்ந்தால் உயிர் பிழைக்கும் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

எங்கள் பகுதிக்கும் இந்தப் பாடம் புதிதல்ல. கிருலப்பனைப் பக்கமிருந்து வந்து வெள்ளவத்தையில் கடலில் விழும் கால்வாயை அறியாதவர் இங்கு யார்? அதன் அழுக்குநீரில் பெருகியது வேறு நுளம்பு, கியூலெக்ஸ். அது கொண்டுவந்தது யானைக்கால் நோய். அந்நோயின் நுண்புழுக்கள் இரவில்தான் தோற்குருதியில் நடமாடும். அதனால் குருதி எடுப்பவர்களும் இரவில்தான் வீடு வீடாக வந்தார்கள். முதியவர்கள் பலருக்கு அது நினைவிருக்கும். 1947இல் தொடங்கிய யானைக்கால் தடுப்பு இயக்கத்தின் அந்த இரவு வேலைக்கு யாரும் விழா எடுக்கவில்லை. ஆனால் 2016இல் இந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இலங்கையில் இனி இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. மலேரியா அற்ற நாடு என்ற சான்றும் அதே ஆண்டில் கிடைத்தது. இரண்டும் ஊரோடு ஊராக நின்று துளித் துளியாகக் குருதி பார்த்தவர்களின் வெற்றி.

இதற்கு மறுப்பும் உண்டு. வறிய நாடு, கடன்பட்ட நாடு. ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.1 சதவீதம்தான், அதையும் பத்து இடத்துக்குப் பிய்த்துக் கொடுத்தால் எங்கும் ஒன்றும் நடக்காது, நல்ல கருவி உள்ள ஓரிரு நிலையங்களில் குவிப்பதே புத்தி என்கிறார்கள். மரபணு வரிசை பார்க்கும் கருவி ஒவ்வொரு ஊரிலும் இருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு உரியதை அங்கேயே கொடுங்கள். ஆனால் எந்தக் கிணற்றில் தண்ணீர் உவராகிவிட்டது, எந்தக் கரையில் வள்ளம் கவிழாமல் கிடந்து மழைநீர் பிடிக்கிறது என்று பொரளைக்கு எப்படித் தெரியும்? அதை அறிய அவ்வூரில் குடியிருக்கும் கண் வேண்டும். அதற்கு வேண்டிய அகப்பை, வெள்ளைத் தட்டு, உப்புமானி, நல்ல நுணுக்குக்காட்டி எல்லாம் சேர்ந்தாலும் ஓர் அமைச்சரின் வாகனச் செலவுக்கு வராது. சிறிய துறைகள் தனித்து நிற்கவேண்டும் என்பதுமில்லை. 2011 ஆய்வே புரூணையும் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் கைகோத்ததன் பயன்.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. ஒன்று, சிறிய விஞ்ஞானத் துறைகளுக்கு ஆண்டுதோறும் தவறாமல் கிடைக்கும் ஒரு தொகை வேண்டும். திட்டம் முடிந்ததும் நின்றுபோகும் பணத்தால் மாரி மாரியாகக் கிணறு பார்க்க முடியாது. இரண்டு, காலியாகும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பதவிகளைத் தாமதமின்றி நிரப்பவேண்டும். பழுதான நுணுக்குக்காட்டியைத் திருத்த ஆளில்லாமல் துணி போர்த்தி வைத்த ஆய்வுகூடங்களை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்தவள் நான். மூன்று, களத்துக்குப் போகும் விரிவுரையாளருக்குக் கற்பித்தல் நேரத்தில் சலுகை வேண்டும். நான்கு, ஆய்வின் முடிவு ஆங்கில ஆய்விதழோடு நின்றுவிடாமல், தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு பக்கச் சுருக்கமாக மாநகர, பிரதேச சபைகளுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் போகவேண்டும். கரையோரப் பகுதிகளின் டெங்குப் பரிசோதனைப் பட்டியலில் உவர்நீர் தேங்கும் கிணறும் வள்ளமும் பாத்திரமும் இடம்பெற வேண்டும்.

கொழும்புக்கும் இது பொருந்தும். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கும் கடற்பாறைக்கும் நடுவே எத்தனை யோகட் கோப்பைகளும் இளநீர்க் கோம்பைகளும் கிடக்கின்றன! அலைத் தூவானமும் மழையும் கலந்து அவற்றில் தேங்கும் தண்ணீரின் உப்பு எவ்வளவு, அதில் குடம்பி உண்டா என்று அளப்பதற்குப் பெரிய நிபுணர் வரவேண்டியதில்லை. இங்குள்ள பாடசாலைகளின் உயர்தர உயிரியல் பிள்ளைகள், ஓர் ஆசிரியரும் மாநகர சபையின் பூச்சியியல் உத்தியோகத்தர் ஒருவரும் துணைக்கு வந்தால், ஒவ்வொரு மாதமும் அளந்து பதியலாம். பரீட்சைக்குப் பாடமாக்கும் அலகு அப்போது அவர்கள் கைப்பழக்கமாகும். நகரத்துக்கும் பயன்படும் ஒரு பதிவேடு கிடைக்கும். கடல்மட்டம் உயர உயரக் கரையோர நிலத்தடி நீர் இன்னும் உவராகும் என்பதால் அந்தப் பதிவேட்டின் பெறுமதி ஆண்டுக்கு ஆண்டு கூடும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்வேன். உங்கள் பிள்ளைக்கு மருத்துவ பீடம் கிடைத்தால் மகிழுங்கள். விஞ்ஞான பீடம் கிடைத்தால் அதைவிடக் குறையாமல் மகிழுங்கள். அந்தப் பிள்ளை இறுதியாண்டில் எந்த ஆய்வைச் செய்கிறது என்று விசாரியுங்கள். அது நடக்கும் இடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். புலம்பெயர்ந்த உறவுகள் கோயில் கோபுரத்துக்கும் பாடசாலை மண்டபத்துக்கும் அள்ளிக் கொடுக்கிறார்கள். தாங்கள் படித்த கல்லூரியின் விலங்கியல் அறைக்கு ஒரு நுணுக்குக்காட்டியும், அதைப் பராமரிக்க ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையும் கொடுக்க அவர்களும் முன்வரவேண்டும். அடுத்த டெங்கு அலை எங்கிருந்து கிளம்பும் என்பதை நமக்கு முன்கூட்டிச் சொல்லக்கூடியவர்கள் அந்த அறைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியதைக் காய்ச்சல் வருவதற்கு முன்பே கொடுப்போம்.