பொம்மை லொறி புகட்டிய பாடம்

கினிகத்தேனையில் மழைக்குப் பஞ்சமில்லை. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடப்பார்கள். அத்தகைய விடுமுறை நாளொன்றில் என் மருமகன் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வெளிநாட்டிலிருக்கும் அவனுடைய சித்தப்பா அனுப்பியது. உள்ளே ஒரு லொறியும் அதன் பின்னே பூட்டும் இழுவை வண்டியும் துண்டு துண்டாக இருந்தன. உண்மை வண்டியின் இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவு.

"மாமா, இதைச் செய்து தருவீர்களா?" என்றான்.

"நான் செய்தால் அது என் லொறி, நீ செய்தால் உன் லொறி. அருகில் இருக்கிறேன், தொடங்கு" என்றேன்.

இந்த விளையாட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. இங்கிலாந்தின் எயர்பிக்ஸ் நிறுவனம் 1949இல் பெர்குசன் உழவு இயந்திரத்தின் சிறு மாதிரியொன்றைச் செய்தது. விற்பனையாளர்கள் கையில் கொண்டுபோய்க் காட்டுவதற்காகவே அது பிறந்தது. பிறகுதான் பொருத்திப் பார்க்கும் துண்டுகளாகப் பிள்ளைகளிடம் வந்தது. யப்பானில் மரப் பொம்மை செய்துவந்த தமியா நிறுவனமும் 1960இல் பிளாஸ்டிக்குக்கு மாறியது.

என் மருமகனுக்கு முதலில் வாய்த்தது தோல்விதான். பசையை அள்ளிப் பூசினான். முன் கண்ணாடி புகை படிந்ததுபோல் மங்கிற்று. இந்தப் பசை, காகிதம் ஒட்டும் பசையன்று. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து, இரு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடும் திரவம். துளியளவு போதும், சன்னலைத் திறந்துவைத்துக்கொள்வதும் அவசியம்.

அடுத்து மழை விளையாடியது. விசிறியடித்த சிவப்பு வண்ணம் பால் தெளித்ததுபோல் வெளிறிவிட்டது. வண்ணத்தின் கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்றிலுள்ள நீர் அதன்மேல் படிந்துவிடுகிறது. வெயில் வரும்வரை மூன்று நாட்கள் காத்திருந்தோம். பொறுமை என்பது என்னவென்று அவனுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வண்டி முடிந்தது. லொறியின் முதுகில் ஒரு வட்டத்தட்டு. இழுவை வண்டியின் அடியில் ஒரு முளை. முளை தட்டில் அமர்ந்தவுடன் இரண்டும் ஒரே வண்டியாகின்றன. ஆனால் வளைவில் தனித்தனியே திரும்புகின்றன. அதைப் பார்க்கத் தரையில் வெண்கட்டியால் 62.5 சென்ரிமீற்றர் ஆரமுள்ள அரைவட்டம் ஒன்று வரைந்தோம். உண்மை வீதியில் அது 15 மீற்றர்.

"நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது லொறிக்கு எங்கே ஒதுங்குவீர்கள்?" என்று கேட்டேன்.

"வளைவின் உட்பக்கம், மலைச்சுவரோடு ஒட்டி நிற்போம், மாமா. சாரதிக்குக் கையும் காட்டுவோம்."

அந்த இடத்தில், வளைவு முடிவதற்குச் சற்று முன், கோட்டிலிருந்து 12 சென்ரிமீற்றர் உள்ளே ஒரு தீப்பெட்டியை நிறுத்தினேன். முளை கோட்டின்மேலேயே செல்லும்படி அவன் வண்டியை இழுத்தான். முன்பாகம் தீப்பெட்டிக்கு எட்டவே சென்றது. "தப்பிவிட்டது!" என்று சிரித்தான். மறுகணம் பின்சக்கரங்கள் உட்பக்கமாய் நகர்ந்து வந்து தீப்பெட்டியை வீழ்த்தி அதன்மேல் ஏறின. அவன் முகத்தில் சிரிப்பு மறைந்தது.

மாணவர்களே, இதில் மாயமில்லை, பைதகரசின் தேற்றந்தான். முளைக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையே 9 மீற்றர் என்று கொள்ளுங்கள். முளை 15 மீற்றர் ஆரத்தில் சுற்றிக்கொண்டேயிருந்தால், 15இன் வர்க்கத்திலிருந்து 9இன் வர்க்கத்தைக் கழிக்க எஞ்சுவது 144. அதன் வர்க்கமூலம் 12. ஆகவே பின்சக்கரங்கள் 12 மீற்றர் ஆரத்தில், அதாவது 3 மீற்றர் உட்புறமாகச் செல்கின்றன! வளைவு சிறிது தூரமே நீடித்தால் உள்நகர்வு குறையும், ஆனால் மறைந்துவிடாது. சாரதி எவ்வளவு கெட்டிக்காரராயினும் இதை மாற்ற முடியாது. முன்பாகம் திரும்பியபின் உட்பக்கத்தில் நிற்பவரை அவர் காண்பதும் அரிது.

அவிசாவளையிலிருந்து அட்டனுக்கு ஏறும் நம் வீதியில் இத்தகைய வளைவுகள் எத்தனை என்பதைப் பிரயாணம் செய்தவர் அறிவர். பெற்றோர்களே, முன்சக்கரம் கடந்துவிட்டால் ஆபத்தும் கடந்துவிட்டது என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். அது தவறென்று இன்றே சொல்லிவையுங்கள். நீண்ட வண்டியின் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்னரே, வீதி நேராயுள்ள இடத்தில் ஒதுங்கி நிற்கட்டும்.

விலையுயர்ந்த பெட்டி இல்லையே என்று எவரும் வருந்த வேண்டாம். அட்டைப் பெட்டி இரண்டு, நூற்கட்டைச் சக்கரங்கள், நடுவே ஓர் ஆணி, இவை போதும். வெண்கட்டிக் கோடும் தீப்பெட்டியும் எல்லார் வீட்டிலும் உண்டு.

என் மருமகனின் சிவப்பு லொறி இப்போது அலமாரியில் நிற்கிறது. அவனும் நண்பர்களும் சாரதிகளுக்கு இன்னும் கைகாட்டுகிறார்கள். ஆனால் வளைவில் நின்றல்ல.