தனி டம்ளர்

"நம்ம புதுச்சேரியில் வேற்றுமையே கிடையாது, எல்லோரும் கலந்துதான் பழகுகிறோம்" என்று நண்பர்கள் பெருமைப்படுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர். நம்மவர்கள் தினமும் வாய்க்காலைத் தாண்டிப்போய் அவர்களுக்குச் சமைத்தார்கள், துணி துவைத்தார்கள். அதனால் நம்மைச் சமமாக மதித்தார்களா?

இங்கே ஆட்சி கைமாறிய அதே 1954-இல், கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் காரணத்தை எழுதினார்: வெறும் பழக்கம் போதாது, சம அந்தஸ்தில், ஒரே நோக்கத்துக்காகச் சேர்ந்து உழைத்தால்தான் வெறுப்பு குறையும்.

பள்ளியில் 'எகாலித்தே' என்று மனப்பாடம் செய்த எனக்கு, அதன் பொருள் புரிந்தது அலுவலகத்தில், ஒரே மேசையில் கோப்பு எழுதிச் சாப்பாட்டைப் பகிர்ந்தபோதுதான். அப்படியும் வேலைக்கு வரும் அம்மாவுக்கு என் வீட்டில் தனி டம்ளர். ஓய்வு பெற்ற பிறகே அதை ஒழித்தேன். வெட்கம்தான்.

உங்கள் வீட்டில்?