சலுகையின் விலை

பிக்-அப் டிரக் எரிபொருளை மிகுதியாகக் குடிக்கிறதா? டயரின் காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள், வேகத்தைக் குறையுங்கள், வீண் சுமையை இறக்குங்கள் என்பதே அமெரிக்காவில் வாகன உரிமையாளர்களுக்குக் கூறப்படும் அறிவுரை. அது சரியானதே, ஆனால், சிக்கலின் வேர் சட்டத்தில் இருக்கிறது.

1975-இல் இயற்றப்பட்ட எரிசக்திச் சட்டம், இலகுரக டிரக்குகளுக்குத் தனி அளவுகோல் வகுக்க இடமளித்தது. 1996 முதல் 2004 வரை கார்களுக்கு கேலனுக்கு (3.78 லிட்டர்) 27.5 மைல் கட்டாயம், டிரக்குகளுக்கோ 20.7 மைல் போதும்.

கணக்கு வேறு சொல்கிறது. ஆண்டுக்கு 12,000 மைல் ஓடும் டிரக்கின் மைலேஜ் 15-இலிருந்து 20 ஆக உயர்ந்தால் 200 கேலன் மிச்சமாகும். அதே தொலைவு ஓடும் காரின் மைலேஜ் 30-இலிருந்து 40 ஆக உயர்ந்தாலும் மிச்சம் 100 கேலன்தான். சேமிப்புக்கு அதிக வாய்ப்புள்ள இடத்தில்தான் சட்டம் சலுகை காட்டியது.

வழி இல்லாமல் இல்லை. 2015-ஆம் ஆண்டு மாடலில் அலுமினியத்துக்கு மாறிய ஃபோர்டு எஃப்-150, சுமார் 300 கிலோ வரை எடை குறைந்தது. ஆனால், 2025-இல் நிறைவேறிய சட்டம், சிக்கன வரம்பை எட்டாத நிறுவனங்களுக்கான அபராதத்தைப் பூஜ்யமாக்கிவிட்டது.

அபராதமில்லாத விதியும் அறிவுரையாகவே எஞ்சும். அதன் விலையை எரிபொருள் நிலையத்தில் செலுத்தப் போகிறவர் டிரக் உரிமையாளர்தான்.