துப்பாக்கிக் குழலின் ஆயுள்

2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 1-ந்தேதி. பாரீஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயம். 50 மீட்டர் ரைபிள் போட்டியில் இந்தியாவுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. வாங்கித் தந்தவர் சுவப்னில் குசாலே. கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளை. பள்ளிக்கூட ஆசிரியரின் மகன். அப்போது அவர் ரெயில்வேயில் டிக்கெட் பரிசோதகர்!

கிராமத்துப் பிள்ளைக்கும் குறி வசப்படும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? தர்மபுரி மாவட்டத்திலும் தேசிய மாணவர் படையில் சேர்ந்து, முகாமில் ரைபிள் பிடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பென்னாகரத்துப் பையனுக்கும், அரூர்ப் பெண்ணுக்கும் சொந்தத் துப்பாக்கி ஏது? கிடைப்பது பொதுத் துப்பாக்கி. ஒரே ரைபிளை வருஷா வருஷம் பல கைகள் பிடிக்கின்றன. அதன் குழல் கெட்டுவிட்டால் என்ன ஆகும்? பிள்ளை சரியாகத்தான் சுடுவாள். குண்டு விலகிப் போகும். "எனக்கு இது வராது" என்று அவள் ஒதுங்கிவிடுவாள். தவறு அவளுடையது அல்ல, குழலுடையது. ஆனால் அதை அவளிடம் யார் சொல்லப் போகிறார்கள்?

குழலின் உட்புறம் வழவழப்பான வெறும் குழாய் அல்ல. திருகாணியின் புரி போல உள்ளே வரிகள் ஓடும். அந்த வரிகளில் சுழன்றுகொண்டுதான் குண்டு வெளியே வருகிறது. சுழல்கிற பம்பரம் சாயாமல் நிற்கிறதே, அதுபோலச் சுழல்கிற குண்டும் தலை குப்புறாமல் நேரே போகும். வரி கெட்டால் குறியும் கெட்டது.

வரி எப்படிக் கெடுகிறது? பெரிய ரைபிள்களில் முதல் எதிரி நெருப்பு. மருந்து எரியும்போது எழும் சூடு, எஃகை உருக்கும் சூட்டைவிட அதிகம். கண் இமைக்கும் நேரத்தில் அது மறைந்துவிடுவதால் குழல் தப்புகிறது. ஆனாலும் தோட்டா உட்காரும் அறைக்கு அடுத்த இடம் மெல்ல மெல்ல வெந்து வெடிக்கிறது. மழை பொய்த்த வருஷத்தில் ஏரி மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்குமே, பூதக்கண்ணாடியில் பார்த்தால் எஃகும் அப்படித்தான் தெரியும். இப்படிப்பட்ட ரைபிள்கள் சில ஆயிரம் குண்டுகளிலேயே பந்தயக் குறியை இழந்துவிடும். படபடவென்று சுட்டுத் தள்ளினால் இன்னும் சீக்கிரம். குழல் கையைச் சுடுகிறதா? ஆற விடவேண்டும். இதைவிட நல்ல வைத்தியம் கிடையாது. அறைப் பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், தேர்ந்த கைவினைஞர் அந்தத் துண்டை அறுத்துவிட்டுப் புதிதாக அறை கடைந்து தருவார். குழலுக்கு அது மறுபிறவி.

மாணவர்கள் சுடும் பாயிண்ட் 22 ரைபிளின் கதை வேறு. அதன் மருந்து கொஞ்சம். குண்டு மெத்தென்ற ஈயம். ஒழுங்காக வைத்திருந்தால் பல பத்தாயிரம் குண்டுகள் சுட்ட பிறகும் குறி மாறாது. காற்றுத் துப்பாக்கியில் மருந்தே இல்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ம் ஆண்டு ரியோ உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றது இந்த வகைத் துப்பாக்கியால்தான்.

அப்படியானால் பாயிண்ட் 22 குழல்கள் ஏன் கெடுகின்றன? துடைப்பதால்! சிரிக்க வேண்டாம். கிணற்றங்கரைக் கல்லில் கயிறு இழுத்து இழுத்துப் பள்ளம் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். துணி கட்டிய கயிற்றைக் குழலுக்குள் விட்டுச் சாய்வாக இழுத்தால், புழுதி ஒட்டிய அந்தக் கயிறு குழலின் வாயையும் அதேபோல அறுக்கும். குண்டு கடைசியாகத் தொட்டுப் போகும் இடம் வாய்தான். அங்கே மயிரிழை கோணினாலும் குண்டு கோணிப் போகும்.

துடைக்கும் முன்பு, உள்ளே தோட்டா இல்லை என்பதைப் பொறுப்பாளர் கண்ணால் பார்க்கவேண்டும். பிறகு போல்ட்டைக் கழற்றிப் பின்பக்கமிருந்து துடைக்கவேண்டும். வாய்ப் பக்கமிருந்து கம்பியைக் குத்தக் கூடாது. துண்டு துண்டாகத் திருகிச் சேர்க்கும் கம்பியைவிட, மேலுறை போட்ட ஒரே நீளக் கம்பி நல்லது. ஒவ்வொரு தடவையும் கம்பியைத் துடைத்துவிட்டே உள்ளே விடவேண்டும். இரும்புத் தூரிகை ஆகவே ஆகாது. வேலை முடிந்ததும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். அடுத்த முறை சுடும் முன்பு அதையும் துடைத்துவிட வேண்டும். தோல் உறையிலோ கான்வாஸ் உறையிலோ மூடி மாதக்கணக்கில் வைத்தால் உறை ஈரத்தை இழுக்கும், குழல் துருப்பிடிக்கும். மழைக்காலத்தில் அரிவாளை ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார் உண்டா?

இவற்றுக்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. நல்ல கம்பியின் விலை புதுக் குழலின் விலையில் சிறு பங்குதான். ஆனால் பொதுப் பொருள் என்றால் நம்மிடம் ஒரு அலட்சியம் இருக்கிறது. யாரோ துடைப்பார், யாரோ கெடுப்பார், கேட்பார் இருக்கமாட்டார்.

ஆகவே, மாணவர் படையை நடத்தும் அதிகாரிகளுக்கும், துப்பாக்கி சுடும் சங்கங்களுக்கும் நமது வேண்டுகோள் இது. ரைபிளுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். இன்று எத்தனை குண்டு சுட்டது, துடைத்தவர் யார் என்று எழுதி வையுங்கள். துடைக்கும் பொறுப்பைப் பழகிய ஒருவரிடம் ஒப்படையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை ரைபிளைத் தாங்கியில் இறுக்கிவைத்துச் சுட்டுப் பாருங்கள். குண்டுகள் சிதறினால் அந்த ரைபிளைப் போட்டிக்கு அனுப்பாதீர்கள். அடுத்த முகாமிலேயே முதல் பக்கத்தை எழுதலாம்.