எங்கே தடுக்கியது என்று சொல்லுங்கள்

குருக்கள்மடத்திலிருந்து என்னோடு ரியூஷனுக்கு வரும் தோழியின் வீட்டில், போன விடுமுறையில் ஒரு கணினி விளையாட்டைப் பார்த்தேன். பெயர் ‘டார்க்கெஸ்ட் டன்ஜன்’. அவளுடைய அண்ணன் விளையாட, நாங்கள் பின்னால் நின்றோம். நான்கு வீரர்கள் இருண்ட நிலவறைக்குள் இறங்குகிறார்கள். முறைவைத்து அடிக்கும் பழைய பாணிச் சண்டை. இறந்த வீரன் இறந்தவன்தான். 1980இல் வெறும் எழுத்துகளாலேயே சுவரையும் அரக்கனையும் காட்டிய ‘ரோக்’ விளையாட்டின் வழிவந்த கண்டிப்பு அது.

கனடாவின் வன்கூவரிலுள்ள ரெட் ஹூக் என்ற சிறு நிறுவனம், 2015 பெப்ரவரியில் இதை முடிக்காமலே விற்பனைக்கு விட்டது. விளையாடுபவர்களின் கருத்தைக் கேட்டுக் கேட்டுத் திருத்துவது அவர்களின் எண்ணம். ஜூலையில் ஒரு புதிய விதி வந்தது: கொல்லப்பட்ட எதிரியின் உடல் அங்கேயே கிடக்கும். முன்பெல்லாம் முன்வரிசை விழுந்ததும் பின்வரிசை முன்னே வரும், வாள் எட்டும். இப்போது பிணம் மறித்தது. பலர் கொதித்தார்கள். நிறுவனம் விதியை நீக்கவில்லை. வேண்டாதவர்கள் அதை நிறுத்திவைக்க ஒரு தெரிவைச் சேர்த்தது. 2016 ஜனவரியில் முழு விளையாட்டு வந்தபோதும் பிணங்கள் அதில் இருந்தன.

அது சரியான முடிவு என்பேன். ‘சண்டை இழுபடுகிறது’ என்பது விளையாடியவரின் அனுபவம். அதை இல்லையென்று மறுக்க ஆக்கியவரால் முடியாது. ‘ஆகவே பிணத்தை எடு’ என்பது ஒரு யோசனை மட்டுமே. அதை ஏற்பதும் விடுவதும் ஆக்கியவர் பொறுப்பு.

இதை நான் தாமதமாகத்தான் விளங்கிக்கொண்டேன். என் சிறுகதையை வாசித்த எல்லோரும் ‘மாஷா அல்லாஹ், அருமை’ என்றார்கள். ஒருத்தி மட்டும், “இரண்டாம் பக்கத்தில் யார் பேசுறது எண்டு விளங்கல்ல. முடிவையும் மாத்து, உம்மா மௌத்தாகக் கூடாது” என்றாள். இரண்டு நாள் அவளோடு நான் கதைக்கவில்லை. பிறகு அந்தப் பக்கத்தை எடுத்து வாசித்தேன்; எனக்கே குழம்பியது. திருத்தினேன். முடிவை மாற்றவில்லை. அவளிடம் இரண்டையும் சொன்னேன், சிரித்தாள்.

சகோதரிகளே, இந்த இதழில் எழுதும் எங்களுக்கு ‘அருமை’ என்ற சொல் சந்தோஷம் தரும். ஆனால் அடுத்த ஆக்கத்தைத் திருத்த உதவாது. எந்த வரியில் நின்றீர்கள், எங்கே சலித்தது என்று சொல்லுங்கள். முகம் கோணாமல் கேட்பது எங்கள் கடமை. இந்தக் கட்டுரையிலிருந்தே தொடங்குங்களேன்.